நீலம் பாய்ந்த குழாய்கள்

கெட்னி ஃபென், லிங்கன்ஷயர்
14 ஏப்ரல் 1996

பெரில்,

உன் அக்கா மார்ஜரி வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். அவள் முதலில் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை. ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

நாம் கட்டிய காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஷெட்டில் ஈரம் ஏறுகிறது. டாஃபடில் பூ அறுவடை ஆரம்பித்ததிலிருந்து பொட்டலம் கட்டும் கொட்டகையில் எனக்கு ஞாயிறுகூட விடுப்பில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சும்மா நிறுத்திவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. பாகங்களுக்கான ரசீது நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உன் சம்மதம் வேண்டுமாம். பாகம் வாங்கி வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களின் கிட் கார் சங்கச் செயலாளராக இருந்துகொண்டு வால்ட் ஸ்னீத் சட்டம் பேசுகிறான்.

சங்கப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகும் விளம்பரத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். வால்ட் எடுத்த போட்டோ ஒன்றும் வைத்திருக்கிறேன்.

"இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். பச்சை நிறம். வீட்டுப் பட்டறையில் ஏழு குளிர்காலம் செலவழித்துக் கட்டியது. எஞ்சின் முழுவதும் பிரித்து, புது கேம் ஷாஃப்ட் போட்டுக் கட்டப்பட்டது. எஞ்சினைக் கட்டியவர் பெரில் வார்டில். இதுவரை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யப்படவில்லை."

சரி என்றால் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வரும் பணத்தில் பாதி உனக்கு வரும். அதில் நான் ஒருநாளும் தகராறு செய்ததில்லை என்பதை மார்ஜரியிடமும் சொல்லிவை.

உன் ரப்பர் பூட்ஸ் பின்வாசலில் அப்படியே இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா?

டெஸ்


விட்பி, யார்க்ஷயர்
19 ஏப்ரல்

டெஸ்மண்ட்,

மார்ஜரி கடிதத்தைப் பிரிக்கவில்லை. உறையைப் பார்த்து, "உன் வீட்டுக்காரன் கையெழுத்து இன்னும் கோழி கிளறுன மாதிரியேதான் இருக்கு" என்றாள். அத்தோடு சரி.

பூட்ஸ் வேண்டாம்.

போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் மார்ஜரியின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பச்சை நன்றாகத்தான் வந்திருக்கிறது. முன்சக்கரத்து மட்கார்டை ஒருவழியாக நேராகப் பொருத்திவிட்டாய். சந்தோஷம். எஞ்சின் மூடியின் பக்கவாட்டிலிருந்து நான்கு புகைக்குழாய்கள் வெளியே வருகின்றனவே, அவற்றை நீயும் நன்றாகப் பார்த்தாயா, இல்லை போட்டோவைப் பார்க்காமலே உறையில் போட்டுவிட்டாயா?

அந்தக் குழாய்கள் பெட்டியிலிருந்து வரும்போது வெள்ளிக் கரண்டி நிறத்தில் இருந்தன. கை ரேகை பட்டால் முதல் சூட்டிலேயே கறையாகச் சுட்டுக்கொண்டுவிடும் என்று நான்தான் கையுறை போட்டு ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். முதல் ஸ்டார்ட்டுக்கு இதற்குப் பதில் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே மாட்டுவோம், எஞ்சின் பழகியபிறகு இதை மாட்டலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? நான் வீட்டைவிட்டுப் போவதற்கு முந்தின ஞாயிறு, "மாட்டினா எப்படி இருக்குன்னு பாக்கலாம்னுதான்" என்று சொல்லி நீ அதை மாட்டினாய். அன்றைக்கே ஒரு சண்டை. நினைவிருக்கும்.

இப்போது அவை வெள்ளியாக இல்லை. ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யப்படாத காரின் குழாய்க்கு எப்படி நிறம் மாறும்? நீயே சொல்லேன்.

இன்னொன்று. எஞ்சினைக் கட்டியவர் பெரில் வார்டில் என்று போட்டிருக்கிறாய். பிப்ரவரியில் சங்க விருந்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில், எஞ்சின் யார் வேலை என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "எல்லாம் நான்தாம்பா. பெரில் டீ போட்டுக் குடுத்தா, ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா, அவ இல்லைன்னா நான் தாகத்துலயே செத்திருப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. டிராக்டர் பட்டறையில் இருபது வருடம் எஞ்சின் கட்டியவள், வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கு இல்லாத பெயர் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது, பழி விழ ஒரு ஆள் வேண்டும். அதுதானே?

கையெழுத்துப் போட மாட்டேன்.

பெரில்


கெட்னி ஃபென்
24 ஏப்ரல்

பெரில்,

நான் எது செய்தாலும் தப்பு. பெயர் போடாவிட்டால் மறைத்தேன், போட்டால் மாட்டிவிடுகிறேன். சங்க விருந்தில் சொன்னதை நினைத்து, இனிமேலாவது உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்றுதான் உன் பெயரைப் போட்டேன். வேறு நோக்கம் எதுவும் கிடையாது. ஆனால் நான் சொல்வதற்கு மட்டும் இரண்டாவது அர்த்தம் ஒன்று எப்போதும் உன் கைவசம் இருக்குமே.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். வால்ட் போட்டோ எடுத்தது சாயங்காலம். அஸ்தமன வெயில் வாய்க்கால் தண்ணீரில் பட்டுக் காரின்மேல் விழுந்தது. இந்தச் சமவெளியில் சூரியன் மறையும்போது கோழிக்கூண்டுகூடத் தங்கமாகத் தெரியும் என்று உனக்குத் தெரியாதா? அவ்வளவுதான் சங்கதி. விட்பியில் உட்கார்ந்துகொண்டு பூதக்கண்ணாடியில் என்னை விசாரணை செய்யாதே.

நீ அவசரத்தில் ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாய் என்று எல்லாரும் பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பெட்டியில் போல்ட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சும் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது நம் இருவருக்கும் பொது.

இங்கே என்னைப் பார்க்கிறவன் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறான். ரொட்டிக் கடையில் மிசஸ் டூலி, "பெரிலுக்கு அக்கா உடம்பு தேறிடுச்சா?" என்று கேட்கிறாள். மார்ஜரிக்கு உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். "தேறிட்டு வருதும்மா" என்றேன். பாவம் மார்ஜரி, ஒன்பது வாரமாகப் படுக்கையில் கிடக்கிறாள்.

கையெழுத்தை அனுப்பு.

டெஸ்


விட்பி
30 ஏப்ரல்

டெஸ்மண்ட்,

மார்ஜரியிடம் படித்துக் காட்டினேன். "படுக்கையிலயே இருந்தா வீட்டு வேலையெல்லாம் யார் செய்வான்னு அவனையே கேளு" என்கிறாள்.

டார்க் ரெஞ்ச் என் அப்பா கொடுத்தது. கைப்பிடியில் அவர் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். அதில் பொது ஒன்றும் கிடையாது.

அஸ்தமன வெயில் நான்கு குழாயில் மட்டும் விழுந்து, பக்கத்திலேயே இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் தண்டில் விழாமல் போகுமா? தண்டு வெள்ளையாக இருக்கிறது. நம்பர் பிளேட் வெள்ளையாக இருக்கிறது. உன் சட்டைக் கைகூட ஓரத்தில் தெரிகிறது, அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதுவே ஆச்சரியம்.

முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டு என்னிடம் வெயில் கதை சொல்கிறாயே. சரி, கேள். ஒழுங்காக ஓட்டப்பட்ட எஞ்சினுக்குக் குழாயின் தலைப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வைக்கோல் நிறம் வரும். அது அழகு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உன் போட்டோவில் வைக்கோல் தாண்டி, ஊதா தாண்டி, நான்கும் ஒன்று சேரும் இடம் வரைக்கும் நீலம் பாய்ந்திருக்கிறது. குழாய் பழுக்கச் சிவந்து ஆறினால்தான் அந்த நிறம் வரும். தீப்பொறி விழும் டைமிங்கை நான் கண்ணளவில்தான் வைத்திருந்தேன், எஞ்சின் ஓடும்போது விளக்குப் பிடித்துச் சரிசெய்வதாக இருந்தேன். அந்தப் பிந்திய டைமிங்கிலேயே, ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல், யாரோ அதை வெகுநேரம் மெதுவாக ஓட விட்டிருக்கிறார்கள்.

புது கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினை மெதுவாக ஓட விடக் கூடாது. இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். பிடித்த உடனே இரண்டாயிரம் சுற்றுக்கு ஏற்றி இருபது நிமிடம் இறக்காமல் நிறுத்த வேண்டும். அப்போதுதான் எண்ணெய் மேலே தெறித்துக் கேமை நனைக்கும். மெதுவாக ஓடினால் வறண்ட இரும்பும் இரும்பும் தேயும். முதல் இருபது நிமிடத்தில் ஒரு எஞ்சினைப் பிழைக்கவும் வைக்கலாம், கொல்லவும் செய்யலாம். அதற்குத்தான் நான் கிளம்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குச் சங்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தோம். நான் பெடலில், நீ எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு, வால்ட் தீயணைப்பானோடு. வருகிறவர்களுக்குப் பேக்கன்கூட வாங்கிவைத்திருந்தாய்.

நான் இங்கே சும்மா இல்லை. துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வேலை செய்யும் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். முதலாளி ஹார்லண்ட் என்று ஒரு கிழவர். போன முதல் நாள், "கடைசியா என்ன எஞ்சின் கட்டினீங்கம்மா? அது இப்ப ஓடுதா?" என்று கேட்டார். "கட்டி முடிச்சாச்சு, இன்னும் ஓட்டல" என்றேன். "ஓடினதும் சொல்லுங்க" என்றார். இங்கே எனக்கு வீடில்லை, புருஷனில்லை. இந்த வயதில் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருப்பது பெயர் ஒன்றுதான். செத்த எஞ்சினின்மேல் அந்தப் பெயரை எழுதி நீ ஊரறிய விற்கப் பார்க்கிறாய்.

மேல்மூடியைக் கழற்று. வால்ட்டைக் கூட வைத்துக்கொண்டு கேமைப் பார். என்ன பார்த்தாயோ அதை எனக்கு எழுது. இல்லாவிட்டால் சங்கத்துக்கு நானே எழுதுவேன். யார் ஸ்டார்ட் செய்தது, எப்போது, ஏன் விட்டுவிட்டுப் போனது என்றும் எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

பெரில்


கெட்னி ஃபென்
11 மே

பெரில்,

போதுமா? கழற்றிப் பார்த்தாகிவிட்டது. உனக்குத் திருப்தியாக இருக்கும்.

முதலில் வந்த கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை அச்சாவதற்கு முன்பே வால்ட் வாய் சும்மா இருக்காமல் விளம்பரத்தை ஒருவரிடம் சொல்லி, விஸ்பெக்கிலிருந்து ஒரு பல் டாக்டர் மனைவியோடு சனிக்கிழமை வந்துவிட்டார். அந்தம்மா காரைச் சுற்றி வந்து, "ஐயோ, இந்தக் குழாய் நீலம் எவ்வளவு அழகா இருக்கு, மயில் கழுத்து மாதிரி!" என்றாள். டாக்டர் குனிந்து பார்த்தார். பல்லைப் பார்க்கிறமாதிரியே பார்த்தார். "அழகுதான். ஆனா ஸ்டார்ட்டே பண்ணலைன்னு சொல்றாரே, அதான் யோசிக்கிறேன்" என்றார். பிறகு என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கை குலுக்கினார், டீக்கு நன்றி சொன்னார், போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வால்ட் வந்தான். மூடியைத் திறந்தோம். கேமில் வால்வுகளைத் தள்ளும் எட்டு மேடும் கூர்மையாக நிற்க வேண்டும். மூன்று மேடு வழவழவென்று உருண்டையாகிவிட்டது. மேட்டின்மேல் உட்காரும் டேப்பெட்டின் அடிப்பாகம் கரண்டிக் குழிபோலத் தேய்ந்திருக்கிறது. எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தால் இரும்புத்தூள் மினுங்குகிறது. வால்ட் அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம், "டெஸ், இவ்வளவு சுத்தமா கட்டின எஞ்சின நான் பாத்ததே இல்ல. இதப் போயி இப்படிப் பண்ண எவனுக்கு மனசு வந்துச்சு?" என்றான். நான் குனிந்து போல்ட்டுகளைப் பொறுக்கினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு, "பெரிலுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

யார், எப்போது, ஏன் என்று கேட்டிருக்கிறாய். வக்கீல் மாதிரிக் கேட்டிருக்கிறாய். சரி, கேட்டுக்கொள்.

நீ போன சனிக்கிழமை காலை. டாக்ஸிக்காரர் பெல் உன் பெட்டியை ஏற்றினார். நீ தோட்டத்துக் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு ஏறினாய். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் வெளியே வரலாம் என்று இருந்தேன். நீ பார்க்கவில்லை. டாக்ஸி கிளம்பியது. நான் ஷெட்டுக்கு ஓடினேன். செருப்புக்கூட இல்லை. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஏழு வருடம் நாம் காத்திருந்த சத்தம். உனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன்.

எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறாய்? இரண்டாயிரம், இருபது நிமிடம், எனக்கும் மனப்பாடம். அடுத்தவன் வண்டி அப்படி நின்று ஓடினால்கூட நீ ரோட்டைத் தாண்டிப் போய் அவன் ஜன்னலைத் தட்டுகிறவள். உன் எஞ்சின் அப்படி ஓடுவதைக் கேட்டால் நீ டாக்ஸியைத் திருப்பிக்கொண்டு வந்து, "மடையா, மிதிடா!" என்று கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசலிலிருந்து பார்த்தேன். தேவாலயத்து வளைவில் டாக்ஸியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் நின்றது.

நின்றது, பெரில். நான் கண்ணால் பார்த்தேன். நான் அசையவில்லை. அசைந்தால் நீ போய்விடுவாய்போல இருந்தது. பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ கருகும் வாசனை வந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கார் திரும்பப்போகிறது, இப்போது திரும்பும், இப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அது கிளம்பிப் போய்விட்டது. அதற்கப்புறமும் நின்றேன். திரும்பி ஷெட்டுக்கு வந்தபோது நான்கு குழாயும் அடுப்புக் கம்பி மாதிரிச் சிவந்திருந்தது.

கதை இவ்வளவுதான். இதை எழுதச் சொல்லி நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். வளைவில் ஏன் நின்றாய்? நின்றவள் ஏன் திரும்பவில்லை?

டெஸ்


கெட்னி ஃபென்
26 மே

பெரில்,

இரண்டு வாரமாகிவிட்டது. பதில் இல்லை. எஞ்சினைக் கொன்றவன் என்று திட்டியாவது எழுது. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

டெஸ்


விட்பி
2 ஜூன்

டெஸ்,

முதலில் வேலையை முடித்துவிடுகிறேன்.

காரை விற்கச் சம்மதம் என்று தனித்தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எஞ்சினை இறக்கிவிட்டு, மீதியை மட்டும் விற்றுவிடு. வாங்குகிறவர் தன் எஞ்சினைத் தானே கட்டிக்கொள்ளட்டும். என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். ஹார்லண்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "என் எஞ்சின் ஓடுச்சு. முதல் தடவையே போயிடுச்சு" என்றேன். "கட்டினதுல தப்பா, ஓட்டினதுலயா?" என்று கேட்டார். "ஓட்டினதுல" என்றேன். அதோடு விட்டுவிட்டார், நல்ல மனுஷன். நேற்று ஒரு படகு எஞ்சினை முழுவதுமாக என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

மிசஸ் டூலியிடம் மார்ஜரி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிடு. நான் திரும்பி வர மாட்டேன் என்பதையும் சொல்லிவிடு. நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ என்னைத் திருப்ப ஒரு எஞ்சினைப் பணயம் வைத்தாய். வாசலுக்கு ஓடிவந்து "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். சங்க விருந்தில் சொன்னது தப்பு என்று, விருந்துக்கும் நான் கிளம்பியதற்கும் நடுவில் இருந்த இரண்டு நாளில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். தோட்டத்துக் கதவைச் சாத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? கொக்கி நன்றாகத்தான் விழுந்தது. இருந்தும் மறுபடி எடுத்து மறுபடி போட்டேன். ஜன்னலில் நீ நிற்பது திரும்பாமலே தெரிந்தது. நீ வரவில்லை. என் கைப்பட்ட இரும்பு கத்தினால் நான் ஓடிவருவேன், நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாய். இதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு பற்றி எரிகிறது.

ஏன் நின்றேன் என்று கேட்டிருக்கிறாய். இந்த மூன்று வாரமும் இதை எழுதுவதா வேண்டாமா என்றுதான் இருந்தேன்.

போட்டோவைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் தெரிந்ததுபோல எழுதினேன். அது பொய். ஸ்டார்ட் ஆனது எனக்கு அன்றைக்கே தெரியும். டாக்ஸி ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நம் ஊரில் தடுக்க ஒரு மேடு கிடையாது, சத்தம் வயலைத் தாண்டி அப்படியே வந்தது. நான் கட்டியதை எனக்குத் தெரியாதா? "நிறுத்துங்க" என்றேன். பெல் பிரேக் போட்டார். "என்னம்மா, எதாவது மறந்துட்டீங்களா? திருப்பட்டுமா?" என்றார். "எஞ்சின அணைங்க, கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன்.

கேட்டேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல அடித்தது. டைமிங் பிந்தியிருப்பதும் காதில் விழுந்தது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அழுதுவிட்டேன். பெல் கைக்குட்டை கொடுத்தார்.

அப்போது ஒன்று நினைத்தேன். இவன் இப்போது பெடலை மிதிப்பான். இரண்டாயிரத்துக்கு ஏற்றி நிறுத்துவான். நிறுத்தினால், முப்பது வருடத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையாவது இவன் காதில் ஏறியிருக்கிறது, டீ போட்டவள் என்று சொன்னது வெறும் வாய்க்கொழுப்பு, மனசுக்குள் நான் யாரென்று இவனுக்குத் தெரியும். அப்படியானால் காரைத் திருப்பச் சொல்லலாம். மற்றதை வீட்டில் வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், இறங்குகிறவள் மாதிரி.

நீ மிதிக்கவில்லை. அது மெதுவாக, அப்படியே, ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொன்னதெல்லாம் இவனுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். நீ வாசலில் நின்று என் காரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சத்தம் மட்டும்தான் வந்தது.

போன பிறகாவது உள்ளே போய் மிதித்திருப்பாய் என்று ஏப்ரல் வரைக்கும் ஒரு நினைப்பு இருந்தது. போட்டோ வந்தது. நீலத்தைப் பார்த்தேன்.

பெல் கடிகாரத்தைப் பார்த்தார். "யாரோ வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு மறந்தே போயிட்டாங்க போல" என்றார். பிறகு, "ரயிலுக்கு நேரமாச்சும்மா. திரும்பணுமா, போகணுமா?" என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் பொறுத்தார். அது அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"போங்க" என்றேன்.

பெரில்